குறைந்த பணத்தில் குடும்பத்தோடு தீம் பார்க்: டர்பன் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் அதன் பக்கத்திலும் உள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் வாழும் நம் குடும்பங்கள் பள்ளி விடுமுறை நெருங்கும்போது கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர், சில சமயம் உடன் வரும் ஆயா (பாட்டி) அல்லது தாத்தா, வீட்டுக்குள் வருவதோ ஒன்றரைச் சம்பளம் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பதிலையும் எழுதினேன். நுழைவுக் கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை. புறப்படும் வாரத்தில் அந்தந்தப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வதே சரி.

டர்பனிலேயே உஷாக்கா பூங்கா இருக்கும்போது ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள கோல்ட் ரீஃப் சிட்டி பூங்கா வரை போக வேண்டுமா?

முதலில் பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். போகவும் வரவும் 1,140, ஊருக்குள் சுற்றுவதற்கு 60 என்று சேர்த்தால் 1,200 கிலோமீட்டர் ஆகிறது. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் காருக்கு 96 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 22 ரேண்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 2,112 ரேண்ட். இதோடு சுங்கச் சாவடிகள், குறைந்தது இரண்டு இரவுத் தங்கல், வழிச் சாப்பாடு ஆகியவையும் சேரும். சாட்ஸ்வர்த்திலிருந்து உஷாக்காவுக்குப் போய்த் திரும்ப 4 லிட்டர் போதும்.

ஆகவே பணம் மிகவும் இறுக்கமாக இருக்கிற வருடத்தில் உஷாக்காவையே தேர்ந்தெடுங்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 2004-இல் டர்பன் துறைமுகத்தை ஒட்டிய பாயிண்ட் பகுதியில் திறக்கப்பட்ட உஷாக்கா மரைன் வேர்ல்ட், சீ வேர்ல்ட் என்னும் மீன்காட்சியகமும் வெட் அண்ட் வைல்ட் என்னும் நீர்ச்சறுக்குப் பூங்காவுமாக இரண்டு முக்கியப் பகுதிகளைக் கொண்டது. மீன்காட்சியகம் கரையொதுங்கிய பழைய சரக்குக் கப்பலின் வடிவில் அமைக்கப்பட்டிருக்கிறது. கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி நடக்கும்போது தலைக்கு அருகில் சுறா திரும்பும் அந்தக் கணத்தில், அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாமாகவே அமைதியாகி விடுவார்கள். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாகவும் சேர்த்தும் டிக்கெட் உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் ஒரு நாளில் இரண்டையும் பார்த்து முடிப்பது கடினம். ஒன்றை மட்டும் வாங்கி, மீதி நேரத்தைக் கட்டணமில்லாத கடற்கரையில் கழிப்பது நல்லது.

அப்படியானால் கோல்ட் ரீஃப் சிட்டிக்குப் போவதில் பொருள் இருக்கிறதா?

பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்களாகவும் பெரிய ரோலர் கோஸ்டர் சவாரிகளுக்கு ஆசைப்படுபவர்களாகவும் இருந்தால் நிச்சயமாக இருக்கிறது. 1987-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14-ஆம் சுரங்கவாயில் இருந்த இடத்தில் அமைந்திருக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்க, தலைகீழாகச் சுழற்றும் அனகோண்டாவும், பழைய சுரங்கக் குழிக்குள்ளேயே செங்குத்தாக விழும் டவர் ஆஃப் டெரரும் இங்கேதான் இருக்கின்றன. சவாரிகளுக்கு அப்பால், உண்மையான சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கும் சுற்றும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பணம் ஓரளவு மிஞ்சினால் அதைத் தின்பண்டத்தில் கரைக்காமல் இந்தச் சுற்றுக்கு ஒதுக்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்த நாட்டின் செல்வம் எந்த இருட்டில், எப்படிப்பட்ட உழைப்பில் வெட்டி எடுக்கப்பட்டது என்பதைப் பாடப் புத்தகத்தைவிட அந்த ஒரு மணி நேரம் நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

பூங்காவுக்கு அருகிலேயே 2001-இல் திறக்கப்பட்ட, நிறவெறி ஆட்சியின் வரலாற்றைச் சொல்லும் அபார்ட்ஹைட் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் முன்னோர், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் வீடு வாசலை விட்டுச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டவர்கள். வளர்ந்த பிள்ளைகளோடு வருபவர்கள் மறுநாள் காலையில் அங்கே போய்விட்டு ஊர் திரும்பலாம். பூங்காவுக்குப் போகும் அதே நாளில் இதையும் நுழைக்க வேண்டாம். இரண்டுக்கும் வேண்டிய மனநிலை வேறு.

எந்த மாதத்தில் போனால் செலவு குறையும்?

இந்தக் கேள்விக்கான பதில் கடற்கரைக்கும் மேட்டு நிலத்துக்கும் வெவ்வேறு. டிசம்பரை ஒட்டிய கோடையில் ஜோகன்னஸ்பர்க்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் தெரிந்தவுடன் உயரமான சவாரிகளை நிறுத்தி விடுவார்கள். முழு நாள் டிக்கெட் வாங்கிவிட்டு இரண்டு மணிக்கே கூரையின் கீழ் ஒதுங்கி நிற்க நேரும். ஜூன், ஜூலை விடுமுறையில் அங்கே மழை அநேகமாக இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் காலையில் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் தெளிவாக அடிக்கும். ஆகவே கோல்ட் ரீஃப் சிட்டிக்கு ஜூலை ஏற்ற மாதம். உஷாக்காவின் நீர்ச்சறுக்குகளுக்கோ ஜூலையில் தண்ணீர் சில்லென்றிருக்கும். அப்போது மீன்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிசம்பரைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. டிசம்பர் நடுவில், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுட்டெங் மாகாணத்து மக்கள் திரள்திரளாக நம் கடற்கரைக்கு இறங்கி வருகிறார்கள். டர்பனில் அறை வாடகை ஏறுகிறது, உஷாக்காவில் வரிசை நீள்கிறது. அதே நாட்களில் ஜோகன்னஸ்பர்க் காலியாகிறது. நாம் அந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போனால் நெரிசலும் குறையும், தங்குமிடமும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் புத்தாண்டுக்குப் பின் எல்லோரும் மேலே திரும்புவார்கள் என்பதால் அந்த முதல் வாரத்தில் மட்டும் வட திசைப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்டர் நாட்களைத் தவிர்த்து விடுங்கள். டர்பனில் கூட்டம் அதிகம். நமக்கோ பெரிய வெள்ளியன்று ஈசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் கோயில்களுக்குப் போகிற கடமை இருக்கிறது.

பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் கோல்ட் ரீஃப் சிட்டி எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. வாரத் தொடக்கத்தில் மூடியிருப்பது வழக்கம். நாட்காட்டியைப் பார்க்காமல் 570 கிலோமீட்டர் போய் மூடிய வாசலின் முன் நிற்க வேண்டாம்.

டிசம்பர் போனஸிலிருந்து இந்தச் செலவைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஜனவரிக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்த பிறகே செய்ய வேண்டும். பல இடங்களில் டிசம்பர் சம்பளத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கொடுத்து விடுகிறார்கள். அடுத்த சம்பளம் ஜனவரி 25-ஆம் தேதி வாக்கில்தான் வரும். நடுவே ஐந்து ஆறு வாரங்கள் கடக்க வேண்டும். அந்த வாரங்களில்தான் பள்ளிச் சீருடை, காலணி, எழுதுபொருள், பள்ளிக் கட்டணம் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அதன் பின்னாலேயே தைப்பூசக் காவடியும் வரும். சீருடைக்கும் புத்தகத்துக்கும் உரிய பணத்தை உறையில் போட்டு எழுதி வைத்த பிறகு மிஞ்சுவதுதான் விடுமுறைப் பணம். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் பயணத்தை ஜூலைக்குத் தள்ளுங்கள். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டில் தேய்த்தோ கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வட்டியோடு கட்டி முடிக்கும்போது பிள்ளைகளுக்கு அந்த நாளே மறந்திருக்கும்.

வேலையிடத்திலோ தெருவிலோ ஸ்டாக்வெல் (எல்லோரும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு) போட்டுச் சேமிப்பவர்கள் தங்கள் முறையை மே அல்லது ஜூன் மாதத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது இதற்கு மிகவும் உதவும்.

வழிச் செலவை எப்படிக் குறைப்பது?

பெட்ரோல் விலை இந்த நாட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறுகிறது. சில நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வந்துவிடும். விலை ஏறப் போகிறது என்றால் செவ்வாய்க்கிழமையே தொட்டியை நிரப்பி விடுங்கள், இறங்கப் போகிறது என்றால் ஒரு நாள் பொறுங்கள். இன்னொன்று, கடற்கரை விலை எப்போதும் கவுட்டெங் விலையைவிடக் குறைவு. பெட்ரோலைத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவு அங்கே விலையில் சேர்வதால் லிட்டருக்கு அரை ரேண்டுக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். ஆகவே டர்பனில் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 நெடுஞ்சாலையில் மரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா, வில்கே, டி ஹூக் என்று ஐந்து சுங்கச் சாவடிகள் உண்டு. கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் கூடும். சாவடிகளைத் தவிர்க்கப் பழைய சாலைகளில் போகலாமா என்று கேட்கிறார்கள். குடும்பத்தோடு போகும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாரிகளுக்கும் குழிகளுக்கும் நடுவே ஒரு டயர் வெடித்தால் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு போய்விடும். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த மின்னணுச் சுங்கத்தைப் பற்றிப் பழைய அச்சம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அது 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

நால்வர் போகும்போது பெரும்பாலும் காரே மலிவு. இருவர் மட்டும் என்றால் நெடுந்தூரப் பேருந்தையும், முன்கூட்டிப் பதிவு செய்யும் மலிவு விமான டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் அங்கே இறங்கிய பிறகு ஆகும் வாடகைக் கார் செலவையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

குளிர்காலத்திலும் செப்டம்பரிலும் போகிறவர்கள் காரில் போர்வையும் குடிநீரும் கூடுதல் உணவும் வைத்திருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் கொட்டிய பனியால் என்-3 அடைபட்டு, ஏராளமானோர் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள்.

எங்கே தங்குவது?

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் உறவினர் இருந்தால் அங்கே தங்குவதுதான் முதல் வழி. அங்கிருந்து கோல்ட் ரீஃப் சிட்டிக்கு நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் உறவு என்பதற்காகச் சுமையாகி விடக்கூடாது. போகும்போது இரண்டு நாள் சமையலுக்கு வேண்டிய மளிகையை வாங்கிக்கொண்டு போங்கள். பெரியம்மாவிடம் பணமாக நீட்டினால் வாங்க மாட்டார்கள், அரிசியும் பருப்பும் கோழியும் என்றால் மறுக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை நம்மோடு பூங்காவுக்கு அழைத்துப் போவதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அங்கே போன பிறகு இரண்டு பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டுக் காரில் ஏறுவதும் முடியாது, கையில் இருக்கிற பணத்தில் இரண்டு டிக்கெட் கூடுதலாக வாங்குவதும் முடியாது.

உறவினர் இல்லாதவர்கள், சமைத்துச் சாப்பிடும் வசதியுள்ள அறையைத் தேடுங்கள். ஃபேஸ்புக்கில் நம்ப முடியாத வாடகைக்கு வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் நம்மிடையே உண்டு. பெயர் தெரிந்த பதிவுத் தளத்தின் வழியாக மட்டும் பணம் கட்டுங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு போகலாமா?

பூங்காவுக்குள் பெரும்பாலும் முடியாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தையின் உணவு, மருந்து, சர்க்கரை நோயாளிக்கு வேண்டியவை ஆகியவற்றை அனுமதிப்பது வழக்கம், ஆனாலும் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போய்த் திரும்பி வர அனுமதி உண்டா என்பதையும் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். அனுமதி உண்டென்றால் பிரச்சினை தீர்ந்தது: கூலர் பெட்டி காரில் இருக்கட்டும், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். மதிய வெயிலும் அதற்குள் ஓரளவு கழியும்.

மொத்தச் செலவில் டிக்கெட்டை மட்டும் பார்த்துப் பயப்படுகிறோம்; உண்மையில் பணத்தைத் தின்பது வழியும் வயிறும்தான். நான்கு பேர் பூங்காவுக்குள் ஒரு வேளை சாப்பிட்டு ஆளுக்கொரு குளிர்பானம் குடித்தால் என்ன ஆகும் என்று உணவுப் பட்டியலைப் பார்த்து வீட்டிலேயே கூட்டிப் பாருங்கள்.

வழிச் சாப்பாட்டுக்கு இந்த நாட்டில் பட்கோஸ் என்ற நல்ல ஆஃப்ரிகான்ஸ் சொல் இருக்கிறது. நம் வீடுகளில் அது பீன்ஸ் கறி சுருட்டிய ரொட்டி, புளிச்சாதம், வடை, அவித்த முட்டை. பாதி வழியான ஹாரிஸ்மித்தில் காரின் பின்கதவைத் தூக்கி வைத்து, மலைக்காற்றில் வெள்ளித் தாள் படபடக்க, ஆயா ஒவ்வொருவர் கையிலும் ரொட்டியைச் சுருட்டிக் கொடுத்த அந்தப் பதினைந்து நிமிடங்களைப் பற்றித்தான் என் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

புரட்டாசி விரதத்தில் போனால் என்ன செய்வது?

செப்டம்பர், அக்டோபர் பள்ளி விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில்தான் விழுகிறது. பூங்காக் கடைகளில் சைவமாகக் கிடைப்பது அநேகமாகச் சிப்ஸ்தான். அதே எண்ணெயில் கோழியும் பொரிப்பார்கள் என்பதால் அதுவும் சிலருக்கு ஒத்துவராது. விரதம் கடைப்பிடிப்பவர்கள் திரும்பி நுழைய அனுமதிக்கும் பூங்காவையே தேர்ந்தெடுத்து, புளிச்சாதத்தைக் காரில் வைத்திருப்பதே வழி. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும்போது மெல்ரோஸ் சிவ சுப்பிரமணியர் ஆலயத்துக்கும் போய்வரலாம்.

பிள்ளையின் உயரத்தை ஏன் முன்பே அளக்க வேண்டும்?

சவாரிக்கு உயரம்தான் அளவுகோல், வயது அல்ல. பல பூங்காக்களில் டிக்கெட் விலையும் உயரத்தைப் பொறுத்தே மாறும். ஒரு பூங்காவில் என் இளைய மகளை அளவுகோலின் கீழ் நிறுத்தினார்கள். குதிகாலை உயர்த்தினாள், கழுத்தை நீட்டினாள். இரண்டு விரற்கடை குறைந்தது. பத்து மாதமாக அந்தச் சவாரியின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்த பிள்ளை அவள். பணியாளர் செய்தது சரி, பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி. வீட்டிலேயே அளந்து பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து புறப்படுவதற்கு முன் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, காலணி இல்லாமல் அளந்து, பூங்காவின் இணையதளத்தில் உள்ள உயரப் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தச் சவாரிகள் அவளுக்கு உண்டு, எவை இல்லை என்று முன்பே சொல்லி விடுகிறேன். பாதிச் சவாரிகளுக்கு உயரம் போதவில்லையென்றால் ஒரு வருடம் காத்திருப்பதே பணத்துக்கும் பிள்ளைக்கும் நல்லது.

டிக்கெட்டை எப்போது வாங்குவது?

இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசல் விலையைவிடக் குறைவாகக் கிடைப்பது உண்டு. வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். நவம்பர் கடைசி வெள்ளியை ஒட்டி வரும் தள்ளுபடிகளைக் கவனியுங்கள். ஆனால் அந்த டிக்கெட் எந்தத் தேதி வரை செல்லும், பள்ளி விடுமுறையில் செல்லுமா என்ற இரண்டையும் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். முதியோர் சலுகைக்கு அடையாள அட்டை தேவை. பிறந்தநாள் சலுகை உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேப் டவுனில் உள்ள ரட்டாங்கா ஜங்ஷன் எப்படி?

அது 2018-இல் மூடப்பட்டுவிட்டது. பழைய படங்களைப் பார்த்துத் திட்டமிட வேண்டாம்.

சன் சிட்டி, வைல்ட் வேவ்ஸ்?

சன் சிட்டியின் வேலி ஆஃப் வேவ்ஸ் நீர்ப்பூங்கா அழகான இடம்தான். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மேலும் இரண்டு மணி நேரப் பயணம். இறுக்கமான பணத்தில் அதையும் கோல்ட் ரீஃப் சிட்டியையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப விரும்பும் டர்பன் குடும்பங்களுக்குப் போர்ட் எட்வர்டைத் தாண்டி வைல்ட் கோஸ்ட் சன் விடுதியை ஒட்டியிருக்கும் வைல்ட் வேவ்ஸ் நீர்ப்பூங்கா பொருத்தமானது. தென் கரையோரமாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். விடியற்காலையில் புறப்பட வேண்டும்.

உள்ளே போன பிறகு பிள்ளைகள் கேட்பதையெல்லாம் எப்படி மறுப்பது?

மறுக்கிற வேலையைப் பெற்றோர் செய்ய வேண்டாம். கணக்கைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து விடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறிய பணப்பையில் அன்றைக்குரிய தொகையைக் காலையிலேயே போட்டுக் கொடுத்து, பொம்மை, ஐஸ்கிரீம், விளையாட்டுக் கூடம், சவாரியில் எடுக்கும் புகைப்படம் எல்லாம் இதற்குள் என்று சொல்லிவிட்டால், ஒன்பது வயதுப் பிள்ளைகூட விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். என் மகன் ஒரு மணி நேரம் பணத்தைக் கைக்குள் மடித்து வைத்திருந்துவிட்டு, கடைசியில் தங்கைக்கும் சேர்த்து ஒரே பாப்கார்ன் வாங்கினான்.

ஆயாவுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா?

சவாரியில் ஏறாவிட்டாலும் உள்ளே வர டிக்கெட் வேண்டியிருக்கும். சில இடங்களில் சவாரி செய்யாதவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, கேளுங்கள். செலவைக் குறைப்பதற்காக ஆயாவை வெளியே காரில் உட்கார வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். உஷாக்கா என்றால் கடைவீதிப் பகுதிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பக்கத்திலேயே கடற்கரையும் இருக்கிறது. அவருக்கு நிழலும் காற்றும் கிடைக்கும், பெரியவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் துணைக்கு இருக்கலாம்.

மழை வந்து சவாரிகள் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் பணமாகக் கிடைக்காது. சில பூங்காக்கள் வேறொரு நாளுக்குச் செல்லும் சீட்டைத் தருகின்றன. 570 கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்கு அந்தச் சீட்டால் பெரிய பயனில்லை. அதனால்தான் ஜோகன்னஸ்பர்க் பயணத்தில் இரண்டாம் இரவு வேண்டும் என்கிறேன்: முன்தினம் மாலை வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, இரண்டு நாட்களில் தெளிவாக இருக்கும் நாளுக்கு அன்றிரவே டிக்கெட் எடுங்கள். கோடையில் போயிருந்தால் வாசல் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, வரிசை நீளும் பெரிய சவாரிகளை மதியத்துக்கு முன்பே முடித்து விடுங்கள். மேகம் கறுக்கும் நேரத்துக்குச் சுரங்கச் சுற்றை வைத்துக்கொள்ளலாம். மேலே மழை கொட்டினாலும் பூமிக்கு அடியில் நனையாது.